ஏரிக்குத் துறை எங்கே?

மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் ஏரி இரண்டு நிறத்தில் இருந்தது. நடுவில் பச்சை, அது பறவைகளுக்கு. கரையைச் சுற்றி மஞ்சள், அது பார்வையாளர்களுக்கு. நடைபாதை, சிமெண்டு இருக்கைகள், பறவை காண் கோபுரம், படகு ஏறுமிடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் மஞ்சளில் குட்டிக் குட்டிப் படங்களாக இருந்தன. பாகூர் கொம்யூனில் ஓர் ஊர். சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரின் பெயரும் திட்டம் தீட்டியவர்களின் பெயரும் இங்கே வேண்டாம். இதே வரைபடத்தை வேறு ஏரிகளின் பெயரோடும் பார்த்திருக்கிறேன், நிறம் மட்டும் மாறியிருக்கும். என்னை அவர்கள் அழைத்தது, பார்வையாளர் கையேட்டை 'நல்ல தமிழில்' எழுதித் தருவதற்காக.

கூட்டம் கலையப் போகும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். அறுபதை ஒட்டிய வயது. புல்லுக்கட்டுச் சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்.

"சார், இதுல எங்க மாடு எறங்கித் தண்ணி குடிக்கிற எடம் எது சார்?"

பொறியாளர் நல்ல மனிதர். கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. வரைபடத்தின் மேல் குனிந்து உண்மையாகவே தேடினார். பச்சையிலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை. "அத அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. "நாங்க புல்லு அறுக்க எறங்கறது?" என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது.

கையேட்டில் நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு சொல்லில். பக்கத்துக்கு நான்கு முறை வந்த ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு வரைவில் 'பொதுமக்கள் அணுகல்' என்று போட்டிருந்தார்கள். எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. அதிகாரியை அணுகலாம், வங்கியை அணுகலாம். ஏரியை யாரும் அணுகுவதில்லை, ஏரியில் இறங்குகிறோம். இறங்கும் இடத்துக்குச் சங்கப் பாட்டிலிருந்து இன்றுவரை ஒரு சொல் இருந்து வருகிறது: துறை. நீருண்ணும் துறை, நீராடும் துறை, வண்ணான் துறை, பரிசல் துறை, படித்துறை. கவிதைக்கு இலக்கணம் வகுத்தவர்களும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். திணைக்குள் துறை. அதற்கு விளக்கம் சொல்லவந்த தொல்காப்பிய உரைகாரர்கள், மக்களும் விலங்கும் ஒருசேர வந்து நீருண்ணும் துறையைத்தான் உவமையாகக் காட்டினார்கள். அந்த உவமையில் மாடு இருக்கிறது. பின்னால் இதே சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது: வனத்துறை, பொதுப்பணித்துறை, சுற்றுலாத்துறை, வருவாய்த்துறை. ஓர் ஏரியைச் சுற்றி இன்று இத்தனை துறைகள் இருக்கின்றன. அந்த அம்மா கேட்ட துறை மட்டும் காணவில்லை.

வில்லியனூர், பாகூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நெல்வயல்தான் தோன்றும், கடல் தோன்றாது. ஆனால் இந்த இரண்டு கொம்யூன்களின் மண்ணும் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கடலில் சேருமுன் இறக்கி வைத்த வண்டல். வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு புதுச்சேரியிலும் மீதி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. கிழக்கே நரம்பை, பன்னித்திட்டு, மூர்த்திக்குப்பம் போனால் உப்புக்காற்று. ஏரிகள் நிரம்பியிருக்கும்வரை நிலத்தடி நன்னீர் கடலை எதிர்த்து நிற்கும். ஏரி தூர்ந்து, ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் உவர் உள்ளே ஏறும். ஏரியும் கழிமுகமும் ஒரே நீரின் இரண்டு முனைகள். அதனால்தான் மழைக்காலத்தில் இங்கே இறங்கும் பறவைகள் இரண்டுக்கும் மாறிமாறிப் பறக்கின்றன. அவற்றுக்கு நன்னீர்த் துறையும் உவர்நீர்த் துறையும் வேறு வேறு அலுவலகங்கள் கிடையாது.

புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள். 2000களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு அவற்றுக்கு ஒரு பெரிய புனரமைப்பு நடந்தது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. தமிழ்நாட்டுப் பகுதியும் பிறகு சரணாலயமானது. இவை தேவையற்ற வேலைகள் என்று நான் சொல்லவில்லை. ஏரியை மீட்க வேண்டும். எந்த ஏரியை, யாருக்காக வைத்து வரைகிறோம் என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஏரியின் சரிவைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு ஒரு கரைதான் உயரம். எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல மெல்லச் சரிந்து நீருக்குள் போகும். கார்த்திகையில் நீர் ஏறும்போது வயலோரம்வரை வரும். மாசி, பங்குனியில் பின்வாங்கும்போது புல்லையும் கோரையையும் சேற்றையும் விட்டுவிட்டுப் போகும். ஆழமில்லாத இந்தச் சரிவில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது. உள்ளானுக்கு விரலளவு நீர் போதும். நத்தைகுத்தி நாரைக்குக் கணுக்காலளவு, முழங்காலளவு. நீலத் தாழைக்கோழிக்குக் கோரைப் புதர் வேண்டும். கூழைக்கடாவும் முக்குளிப்பானும்தான் ஆழத்தைத் தேடும். நீர் வற்றிய மேட்டில் ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். யாராவது வந்தால் தலைக்குமேல் பறந்து கத்தும். புல் அறுக்கிற பெண்கள் அந்தக் கத்தலைக் கேட்டு முட்டையை மிதிக்காமல் விலகி நடப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

பறவைக்கு வேண்டிய அதே சரிவில்தான் பெண்கள் இறங்குகிறார்கள். மாடு இறங்குவதும் அங்கேதான். கோரை அறுப்பது, புல் அறுப்பது, நத்தை பொறுக்குவது, புடவைத் தலைப்பை வலையாக்கிச் சிறுமீன் கோலுவது எல்லாம் அந்தக் கணுக்கால் நீரில் நடக்கும். ஆகவே பறவைக்கு எதிரி ஊர்ப்பெண் என்று பச்சையையும் மஞ்சளையும் பிரிக்கும்போது வரைபடம் பிழை செய்கிறது. ஏரியைச் சீரமைப்பது என்றால் இயந்திரம் வைத்து ஒரே ஆழத்துக்குத் தோண்டுவது, கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதிப்பது, மேலே நடைபாதை போடுவது என்று ஆகிவிட்டது. அப்போது சரிவு போகிறது. உள்ளானும் ஆள்காட்டியும் போகின்றன, மாடும் மனுஷியும் போகிறார்கள். கொள்ளளவு கூடியது என்று அறிக்கையில் வரும், அது பொய்யுமில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சித்தி மகளுக்குப் பன்னிரண்டு வயது. கோடையில் ஏரிக்குள் மண் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மழைக்குப் பிறகு மேலே பார்க்க எல்லாம் ஒரே தண்ணீர். வழக்கமாக இறங்கும் இடத்தில்தான் அவள் புல்லுக்கட்டைக் கழுவ இறங்கினாள். இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான். ஏரி, குளம் என்று எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கரையின் சரிவைத்தான் தேடும்.

சட்டத்தையும் ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 28ஆம் பிரிவு, ஒரு சரணாலயத்துக்குள் நுழைய எந்தெந்தக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. வன உயிர்களைப் பற்றிய ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவர்களோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல். இதுதான் பட்டியல். கேமரா தூக்கி வருகிறவர் இந்தப் பட்டியலில் இருக்கிறார். அரிவாள் தூக்கி வருகிறவள் இல்லை. ஏற்கெனவே உரிமை உள்ளவர்கள் முறையிடலாம் என்றும், கலெக்டர் விசாரித்து அந்த உரிமையைத் தொடர விடலாம் என்றும் சட்டத்தில் வேறு பிரிவுகள் இருக்கின்றன. அறிவிப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் புல் அறுக்கிற உரிமைக்குப் பத்திரம் உண்டா? பட்டா உண்டா? மாமியார் இறங்கினார், அதனால் மருமகள் இறங்குகிறாள். அது எந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை.

ஈரநில விதிகளில் இன்னொரு வேடிக்கை. 1971இல் ராம்சாரில் உருவான உடன்படிக்கை, மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. நம் நாட்டின் 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்காகவே வெட்டப்பட்ட நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. எங்கள் 84 ஏரிகளும் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. சரணாலயம் என்று அறிவித்தால் ஊர்ப்பெண்ணுக்கு இடமில்லை. அறிவிக்காவிட்டால் ஏரிக்குக் காப்பு இல்லை. நடுவில் நிற்கிறவளுக்கு எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாது.

பறவையா, மக்களா என்ற இந்தக் கேள்வியை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை ரத்தத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் மேய்ச்சல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. கிராமத்தினர் பலர் செத்தார்கள். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு என்ன சொன்னது? எருமைகள் தின்னாமல் விட்ட புல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டு வளர்ந்துவிட்டது, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்துவிட்டது. தடை வேண்டும் என்று முன்பு சொன்னவர்களில் அதே கழகமும் உண்டு. பின்னர் ஊரார் புல் வெட்டிக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். எருமை, புல், பறவை, புல்லுக்கட்டு இவற்றுக்குள் இருந்த கணக்கு ஊராருக்குத் தெரிந்திருந்தது. அவர்களைக் கேட்டவர்கள் இல்லை.

தெற்கே வேடந்தாங்கலில் கதை வேறு. அதுவும் பாசன ஏரிதான். பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊரார், பறவையைச் சுட வந்தவர்களைத் தடுத்தார்கள். அவர்களுடைய அந்த உரிமையை 1790களிலேயே செங்கல்பட்டுக் கலெக்டர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். சரணாலயம் என்ற சொல் வருவதற்கு முன்பே அங்கே சரணாலயம் இருந்தது. மேடைகளில் எல்லோரும் சொல்லும் உதாரணம் இது, நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது 'ஊரார்' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்குகிறேன். உரம் வயலுக்கு என்றால், வயல் யாருக்கு?

கழிமுகத்துக்கு வந்தால் இந்தக் கண்மறைப்பு இன்னும் கூடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரமெல்லாம் மரம் நடும் வேகம் வந்தது. ஓதம் ஏறி இறங்கும் வெறும் சேற்றுத்திட்டைக் காலியிடம் என்று நினைத்து அலையாத்திக் கன்றுகளை நட்டுவிடுவது உலகத்தின் பல கரைகளில் நடந்த தவறு. அந்தச் சேறு காலியாக இல்லை. ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்த உள்ளான்களின் சோற்றுத்தட்டு அது. மட்டி பொறுக்குகிற பெண்ணின் கொல்லையும் அதுதான். நமக்குத் தெற்கே பிச்சாவரத்தில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. வெள்ளையர் காலத்தில் காட்டைக் கூறுபோட்டு மொட்டையாக வெட்டியதால் தரை தொட்டிபோல அமுங்கி, கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி, மரம் முளைக்காமல் கிடந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டியது. ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் காடு திரும்பியது. முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம் கன்று. ஆனால் பிச்சாவரம் என்றால் நமக்குப் படகுச் சவாரியும் 1975இல் வந்த 'இதயக்கனி'யும்தான். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் நம் படகு போகும்போது புகைப்படத்தில் விழுவார்கள். படகுக்காரர் "அங்க பாருங்க" என்பார். நாமும் பார்ப்போம்.

எங்கள் ஊருக்கே திரும்பி வருகிறேன். புதுச்சேரிக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பெண் பெயரில்தான் சொல்லிவருகிறார்கள். ஆயி என்ற தாசி. அவள் வீட்டின் விளக்கொளியைக் கண்டு கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். தானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு, இடித்த இடத்தில் குளம் வெட்டினாளாம் ஆயி. முத்திரையர்பாளையத்திலிருந்து அந்த நீர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்துக்கு வந்தது. நெப்போலியன் மூன்றாமன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் இன்று பாரதி பூங்காவில் நிற்கிறது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுவே இருக்கிறது. பாகூர்ப் பக்கம் இன்னொரு கதை: பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் செல்வத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்பார்கள். பங்காரு வாய்க்காலின் பெயரில் பங்காரி இருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை.

வருடாவருடம் மாணவிகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்கிறேன். முதலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: இந்தக் கதைகளில் பெண்ணுக்கு நீரின்மேல் உள்ள ஒரே உரிமை கொடுப்பது. வீட்டைக் கொடுக்கிறாள், நகையைக் கொடுக்கிறாள், நிற்க இடமில்லாமல் போகிறாள், சிலையாகிறாள். குளம் வெட்டியபிறகு ஆயி எங்கே குடியிருந்தாள், எந்தத் துறையில் தண்ணீர் மொண்டாள் என்று கதை சொல்வதில்லை. அவள் வெட்டிய குளத்தில் இறங்க அவளை விட்டார்களா? 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு யார் வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறது: கால்வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. குடவோலை முறை என்று நாம் கொண்டாடுகிற அதே கல்வெட்டுதான். ஏரி வெட்டியவர்களின் பட்டியலில் தாசி வரலாம், ஏரியை ஆள்கிறவர்களின் பட்டியலில் எந்தப் பெண்ணும் வர முடியாது.

பழைய கதை என்று தள்ளவேண்டாம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரும்பான்மை பெண்கள். எங்கள் ஊர்களில் அதற்குப் பெயரே 'ஏரி வேலை'. பங்காரிக்குப் பிறகு ஏரியையும் வாய்க்காலையும் தோண்டிக்கொண்டிருப்பது இவர்கள்தான். சட்டி சட்டியாக மண்ணைத் தலையில் தூக்கிக் கரையில் கொட்டியவர்கள், அந்தக் கரையில் நடைபாதை வந்ததும் செருப்புச் சேற்றோடு ஏறக் கூச்சப்படுகிறார்கள்.

ஆனால் துறையைப் பற்றி நான் ஏதோ பொற்காலம்போல எழுதிக்கொண்டு போகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே வந்தது. அதைத் தீர்த்துவைத்தவள் ஒரு மாணவி. 'என் ஊர்த் துறை' என்று வகுப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். பலரும் படித்துறை, பாட்டி, தாமரை என்று எழுதியிருந்தார்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பெண் நான்கு வரிதான் எழுதியிருந்தாள். ஊர்த்துறையில் அவள் பாட்டி இறங்கியதே இல்லை. அவர்களுக்குக் கலங்கல் பக்கம், எல்லோரும் குளித்து மாடு கழுவி வழிந்த தண்ணீர். 'எனக்குத் துறை வேண்டாம் மேடம், கைப்பிடி போட்ட நடைபாதை பிடித்திருக்கிறது, அங்கே யாரும் என்னை யார் என்று கேட்பதில்லை' என்று முடித்திருந்தாள்.

நான் மதிப்பெண் போட முடியாமல் அந்தத் தாளை இரண்டு நாள் வைத்திருந்தேன். 1927இல் மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கி நீரள்ளிக் குடித்தபோது கேட்டதும் துறைதான். நாற்கவிராச நம்பி அகப்பொருள் விளக்கத்தில் கருப்பொருள்களை எண்ணும்போது புள், நீர், மரம், தொழில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அதைக் காட்டி, பாருங்கள், பறவையும் உழைப்பும் பிரியாத வரைபடம் நம்மிடம் இருந்தது என்று நான் பாடம் நடத்துவேன். அதே வரிசையில் 'உயர்ந்தோர்', 'அல்லோர்' என்றும் இரண்டு இருக்கின்றன. அவற்றை நான் வேகமாகக் கடந்துபோவது வழக்கம். இந்த மாணவி என்னை அங்கே நிறுத்திவிட்டாள். கட்டணம் வாங்கும் நடைபாதை சாதி கேட்காது. பழைய துறை காசு கேட்காது. எது பொது என்று என்னிடம் கேட்டால் இரண்டுமில்லை என்பேன். பொது என்ற சொல்லைக் கையேட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாள் ஞாபகம் வருகிறது.

நானும் நடைபாதையை விரும்புகிறவள்தான். சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரைக் குப்பைமேட்டிலிருந்து மீட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். உப்பங்கழிக்குத் தொல்காப்பியர் பெயர்! தமிழ் வாத்தியாருக்கு அதைவிட என்ன வேண்டும். வாழிடம் கெடக்கூடாது என்று அங்கே யாரையும் நினைத்த நேரத்தில் விடாமல், கட்டுப்பாட்டோடு அனுமதித்தார்கள். அது பறவைகளுக்கு நல்லது. அதே சமயம், சாயங்காலம் வேலை முடிந்து, குழந்தைக்குச் சோறு வைத்துவிட்டு, யாரும் கேள்வி கேட்காமல் அரைமணி நேரம் நீரைப் பார்த்து நிற்க ஓர் இடம் என்பது நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆண்கள் ஏரிக்கரை மதகின் மேல் உட்கார்ந்து சீட்டாடலாம். பெண் உட்கார்ந்தால் ஏன் என்று ஊர் கேட்கும். விளக்கும் கைப்பிடியும் கழிப்பறையும் உள்ள கரை எங்களுக்கு வேண்டும். ஆனால் இரவில் அடையும் பறவைக்கு அந்த விளக்கு கூடாது. புதர்களை அழித்தால் நடைபாதை பாதுகாப்பாகும். அந்த வேலிக்காத்தான் புதர்தான் புல் அறுக்க வருகிற பெண்களுக்கு விறகு, அவர்களுக்கு இருக்கும் ஒரே மறைவிடமும் அதுதான். பெண்கள் என்று ஒரே நிறத்தில் பூசிவிட முடியாத இடம் இது.

ஒத்துப்போகும் வழிகள் இல்லாமலில்லை. விளக்கை ஊரை ஒட்டிய கரையோடு நிறுத்தலாம். ஐப்பசி முதல் பங்குனி வரை மோட்டார் படகை நிறுத்தலாம். உயர்ந்த கரையில் மட்டும் கல், எதிர்ப்பக்கச் சரிவில் கைவைக்கக் கூடாது என்று எழுதலாம். ஆள்காட்டி முட்டையிடும் மாதங்களில் எந்த மேட்டில் மேய்க்கக் கூடாது என்பதை மேய்க்கிறவர்களையே சொல்லச் சொல்லலாம், அவர்களுக்குத் தெரியும். சேரிப்பக்கத் துறைக்கும் ஊர்த்துறைக்கும் ஒரே தண்ணீர், ஒரே படி என்று முதல் வரியிலேயே போடலாம். இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம். வரைபடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும், அவ்வளவுதான்.

கையேட்டுக்கு ஓர் அத்தியாயம் கூடுதலாக எழுத நினைத்து அந்த அம்மாவைத் தேடிப் போனேன். பங்குனி வெயில். ஏரி பாதிக்கு மேல் வற்றியிருந்தது. அவர் முன்னே நடக்க நான் நோட்டோடு பின்னே போனேன். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் இருந்தது: பொன்னியம்மன் துறை, எருமைத்துறை, கலங்கல் துறை, புளியமரத்தடி. எங்கே சேறு உள்வாங்கும், எங்கே மணல், எந்த மாதம் எங்கே புல் நன்றாக இருக்கும், எங்கே கோரை உயரமாக வளர்ந்து தாழைக்கோழி குஞ்சு பொரிக்கும், அந்தக் கோரையை ஏன் தைக்கு முன்னால் அறுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நடக்காமல் கையை மட்டும் காட்டினார். புதிதாகக் கல் பதித்த கரை, செங்குத்தாக.

"இதுல இப்ப எறங்க முடியாது. பேர மட்டும் எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டேன். மொத்தம் ஏழு துறை. கையேடு இன்னும் அச்சாகவில்லை. அந்த அத்தியாயம் ஒருமுறை திரும்பி வந்தது. ஓரத்தில் 'வரைபடத்தில் இல்லாத இடங்கள், நீக்கலாமா?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். போன வாரம் மறுபடி அனுப்பினேன், இந்த முறை வரைபடத்தின் பிரதி ஒன்றில் பென்சிலால் அந்த ஏழு இடங்களையும் குறித்து, பெயர்களோடு.